செர்கெட் தேவியும் தேள்கடி மந்திரமும்

1922-இல் கண்டுபிடிக்கப்பட்ட எகிப்திய மன்னன் துத்தன்காமனின் கல்லறையில், மன்னனின் உள்ளுறுப்புகள் இருந்த பேழையைப் பொன் பூசிய நான்கு தேவியர் கை விரித்துக் காத்து நிற்கிறார்கள். அவர்களில் தலைமேல் தேள் வைத்திருப்பவள் செர்கெட். மூச்சை அடைப்பவளும் அவளே, திருப்பித் தருபவளும் அவளே என்று எகிப்தியர்கள் நம்பினார்கள். பழைய உருவங்கள் பலவற்றில் அந்தத் தேளுக்குக் கொடுக்கு இருக்காது. கல்லறைக்குள் அது உயிர்பெற்றுவிடுமோ என்ற அச்சம்தான் காரணம் என்பார்கள்.

தேள்கடிக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு இவள்மேல் தனி ஈடுபாடு உண்டு. விஷத்தையும் விடுதலையையும் ஒருத்தியிடமே கொடுத்தவர்கள் நோயைக் கூர்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். செந்தேள் கொட்டி உயிர் போவது பெரும்பாலும் இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு முட்டித்தான்.

பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் வைத்தியம் பார்க்க, செர்கெட்டின் பெயரால் அழைக்கப்பட்ட வைத்தியர்கள் அங்கே இருந்தார்கள். மருந்தும் தருவார்கள், மந்திரமும் சொல்வார்கள். மந்திரம் பொறித்த கல்லின்மேல் ஊற்றி வழிந்த நீரைக் குடிக்கும் வழக்கமும் இருந்தது. நம் ஊரிலும் மந்திரித்து, திருநீறு பூசிய பிறகே பலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். "வலி இறங்கிவிட்டது டாக்டர்" என்பார்கள். இறங்கத்தான் செய்யும். பெரும்பாலான தேள்கடி வலி ஒரு நாளுக்குள் தானே அடங்கிவிடும். பெயர் மட்டும் மந்திரத்துக்குப் போய்விடுகிறது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. செந்தேள் விஷம் உடலில் தீவிரமாகப் பரவும்போது, கொட்டிய இடத்தில் வலி குறைவாகவே இருக்கலாம். குழந்தை வாந்தி எடுக்கும். சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கும், ஆனால் கையும் காலும் சில்லிட்டுப் போயிருக்கும். ஆண் குழந்தையாக இருந்தால் உறுப்பு விறைத்து நிற்கும். இதைச் சொல்லப் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள்; எங்களுக்கோ அது முக்கியமான தடயம். இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில் பணிபுரிந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரையைத் தேள்கடிக்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தாமதமான விருது என்பது என் எண்ணம். அந்த மாத்திரையை வீட்டில் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

செர்கெட் உருவம் பொறித்த தாயத்து இன்று இணையத்தில் விற்பனைக்குக் கிடைக்கிறது. விரும்பினால் அணிந்துகொள்ளுங்கள். ஆனால் தேள் கொட்டினால் கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள். குழந்தை என்றால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். தேளைத் தேடிப் பிடித்து டப்பாவில் கொண்டுவர வேண்டியதில்லை. நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தே சிகிச்சையை முடிவு செய்வோம்.