ஏ.ஆர். கிராபிக்ஸ் கேட்பவர்களுக்கு: தயவுசெய்து ட்ரைபொட்டை அசைக்காதீர்கள்

"லெப்டொப்பில சொப்ட்வெயார் இருக்குத்தானே, காலையில வந்து போட்டுவிடுங்கோவன்." கொழும்பில் கோல்ப் போட்டியை நேரலையில் கொடுக்க நினைப்பவர்களின் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு ஒளிபரப்பில் கொடிக்கு மேலே மிதக்கும் தூர எண்ணையும் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய குறும்புல் தரையில், ஓடும் சரிவு அம்புகளையும் பார்த்துவிட்டு, பொரளை கோல்ப் மைதானத்திலும் அதே போல வேண்டும் என்கிறார்கள். நிஜப் படத்தின் மேல் கணினி இப்படி ஒட்டும் உருவங்கள்தான் ஏ.ஆர். கிராபிக்ஸ். வேண்டும் என்பதில் பிழையில்லை. போட்டியன்று காலை ஏழு மணிக்கு வேண்டும் என்பதுதான் பிழை.

கணினி படத்தைப் பார்த்து, இது கிரீன், இது கொடி என்று விளங்கிக்கொண்டு கிராபிக்ஸை ஒட்டுகிறது என்று நினைக்கிறார்கள். ட்ரைபொட்டின் மேல் கமராவைத் திருப்பும் பகுதிதான் ஹெட்; அது திரும்பும் கோணத்தை அளப்பது என்கோடர். என்கோடர் பூட்டிய ஹெட்டை நம்பி ஓடும் அமைப்பு அப்படி வேலை செய்வதில்லை. வரையும் இயந்திரத்துக்குப் படம் தேவையே இல்லை. அது வெறும் கறுப்பு வெளியில் அம்பை வரைகிறது. கமரா எந்த இடத்தில் எந்த உயரத்தில் நிற்கிறது, ஹெட் எத்தனை பாகை திரும்பி எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது, சூம் எங்கே, போகஸ் எங்கே: இவ்வளவும் எண்களாகப் பிரேமுக்குப் பிரேம் வருகின்றன. எண் சரியென்றால் அம்பு குழிக்கு மேல் நிற்கும். பிழையென்றால் பக்கத்துப் புல்லில் நிற்கும், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இன்னும் ஒன்று. ஹெட் திரும்பினால் என்கோடர் சொல்லும். ட்ரைபொட் திரும்பினால் யாரும் சொல்லமாட்டார்கள். யாரோ காலால் இடறி ட்ரைபொட் 0.1 பாகை திரும்பியது என்று வையுங்கள். 150 மீட்டரில் அது 26 சென்ரிமீட்டர் விலகல். குழியின் விட்டமே 108 மில்லிமீட்டர்தான். "கொஞ்சம்தானே தள்ளி வைத்தோம், வெயில் அடித்தது" என்று கமராமேன் சொல்லும்போது காலை முழுக்கச் செய்த வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

பந்தின் பின்னால் நீளும் கோடு வேறு கதை. அதை வரையும் அமைப்புகளில் டொப்ட்ரேசர் கமராப் படத்தில் பந்தைத் தேடுகிறது, ட்ரெக்மேன் டொப்ளர் ரேடாரால் தொடர்கிறது. ஏ.ஆர். கிராபிக்ஸையும் பந்துக் கோட்டையும் ஒரே விலைப்பட்டியலில் ஒரே வரியாக எழுதி அனுப்பாதீர்கள்.

முதல் வேலை நில அளவை. ஒவ்வொரு கமராவிலிருந்தும் தெரியும் ஆறு முதல் எட்டு அசையாப் புள்ளிகள் வேண்டும்: தண்ணீர் தெளிப்பானின் மூடி, கொங்கிறீட் பாதையின் மூலை, கட்டட விளிம்பு. கிட்டத்திலும் தூரத்திலும், இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் பரந்திருக்க வேண்டும். ஒரே வரிசையில் எடுத்தால் கமராவின் இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு தடுமாறும். ஆர்.டி.கே. என்ற திருத்தம் பெறும் செய்மதி அளவைக் கருவி திறந்த வெளியில் ஒன்றிரண்டு சென்ரிமீட்டர் துல்லியம் தரும், பெரிய மரங்களுக்குக் கீழே தராது. அங்கே கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வைத்திருக்கும் நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். கைத்தொலைபேசி ஜி.பி.எஸ். மீட்டர் கணக்கில் பிழைவிடும், அதைக் கொண்டுவரவே வேண்டாம். பிறகு சூமை முழுதாக இழுத்து, திரையின் நடுக் குறுக்குக்கோட்டை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்துப் பதிய வேண்டும்.

கிரீனைத் தட்டைத் தாளாக நினைத்து வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 6 மீட்டர் உயரத்தில் இருக்கும் கமரா 100 மீட்டர் தள்ளியுள்ள கிரீனைப் பார்க்கிறது; உங்கள் மாதிரியில் தரையின் உயரம் 10 சென்ரிமீட்டர் பிழை. படத்தில் குழியைச் சொடுக்கி இடம் கண்டுபிடித்தால் முன்பின்னாக 1.6 மீட்டருக்கு மேல் தவறும். பார்வை தாழ்வாக இருப்பதால் சிறிய உயரப் பிழை இப்படி நீண்டுவிடுகிறது. அதனால் கிரீனின் மேடுபள்ளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். குழியின் இடம் நாளுக்கு நாள் மாறும். புதுக் குழி வெட்டியதும் நேரில் போய் அளவுங்கள். தாளில் யார் எழுதியதென்று தெரியாத எண்ணை நம்பாதீர்கள், அது காலடிக் கணக்கா யார்ட் (yard) கணக்கா என்றும் கேளுங்கள். ஒரு யார்ட் 0.9144 மீட்டர்.

லென்ஸ் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே மொடல் லென்ஸ் இரண்டுக்கும் ஒரே அளவீட்டுக் கோப்பு பொருந்தாது. அளந்த லென்ஸை மற்றக் கமராவுக்கு மாற்றாதீர்கள். சூமை இரு மடங்காக்கும் இரட்டிப்பான் போட்டால் வேறு அட்டவணை வேண்டும். அது போடப்பட்டதைக் கணினிக்குத் தெரிவிக்காத லென்ஸ் என்றால் அந்தப் பட்டனுக்கு மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

எல்லாக் கமராவும் கிராபிக்ஸ் இயந்திரமும் ஒரே ஜென்லொக்கில், அதாவது பிரேம்களை ஒரே கணத்தில் ஓடவைக்கும் பொதுச் சைகையில், இருக்க வேண்டும். நமது 50 ஹேர்ட்ஸ் முறையில் செக்கனுக்கு 25 பிரேம், ஆகவே ஒரு பிரேம் 40 மில்லிசெக்கன்; கிராபிக்ஸ் சேர்க்க ஆறு பிரேம் தாமதம் என்றால் 240. ஏ.ஆர். கமரா மட்டும் பிந்தி வந்தால், அடித்த சத்தம் முன்னே கேட்கும், மட்டை பின்னே சுழலும். மற்றக் கமராக்களையும் ஒலியையும் அதே அளவு பிந்தவிடுங்கள். ஹெட்டை வேகமாகத் திருப்பிச் சட்டென்று நிறுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் படத்தை முந்தினால் ட்ரெக்கிங் தரவை (ஹெட்டும் லென்ஸும் அனுப்பும் எண்களை) கூடுதலாகத் தாமதப்படுத்த வேண்டும், பிந்தினால் குறைக்க வேண்டும்.

ஆட்கள் நடக்கும் இடத்தில் தரையோடு ஒட்டிய எழுத்து வேண்டாம். நடப்பவர்களை எழுத்துக்கு முன்னால் காட்ட, பச்சையில் மட்டும் எழுத்தை விழவிடும் கீயர் மேக நிழலில் தடுமாறும், பச்சை அங்கி போட்ட கெடியை (வீரரின் பை தூக்குபவரை) விழுங்கியும் விடும்.

கமராக் கோபுரத்தின் அடித்தட்டுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள், மழைக்குப் பின் ஈர மண்ணில் அமிழும். றோயல் கொழும்பு கோல்ப் கழக மைதானத்துக்குள்ளாகவே களனிவெளி ரயில் பாதை போகிறது; அதற்குக் கிட்டக் கோபுரம் கட்டினால் நீண்ட லென்ஸில் ரயிலின் நடுக்கம் தெரியும். ஏ.சி. வேனிலிருந்து லென்ஸை எடுத்தவுடன் கண்ணாடியில் பனி படியும், அரை மணித்தியாலம் முன்னதாக வெளியே வையுங்கள். ஜெனரேட்டர் மாற்றும்போது மின்சாரம் அறுந்தால் சில வகை என்கோடர்கள் தங்கள் பூச்சியத்தை (கோணத்தை எண்ணத் தொடங்கும் புள்ளியை) மறந்துவிடும், ஹெட்டுக்குத் தனி யு.பி.எஸ். கொடுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி சாதாரணம். முதல் முழக்கம் கேட்டதும் கமராமேனை இறக்குங்கள், கவர் போடுவதெல்லாம் பிறகு. திரும்ப ஏறியதும் அளந்த புள்ளிகளில் இரண்டைச் சூம் செய்து, குறுக்குக்கோடு அதே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் அந்தக் கமராவின் கிராபிக்ஸை அணைத்துவிட்டு, வெறும் படத்தைக் கொடுக்கச் சொல்லி இயக்குநருக்கு அறிவியுங்கள்.