ஜேசிபி போன பிறகு குளத்தை யார் பார்ப்பது?

அன்னூர், அவிநாசி, புளியம்பட்டி, நம்பியூர். கொங்கு நாட்டின் இந்த வடபகுதி, வடக்கே பவானிக்கும் தெற்கே நொய்யலுக்கும் நடுவில் மேடாகக் கிடக்கிற பூமி. ஆறு இரண்டு இருந்தும் தண்ணீர் ஏறாது. அதனால்தான் இங்கே ஊருக்கு ஊர் குளமும் குட்டையும் வெட்டி வைத்தார்கள். சிவில் பொறியாளராக இந்தக் குளங்களுக்கு அளவெடுத்துத் திட்டம் போட்டுத் தருவது என் வேலை.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் போகும் உபரி நீரில் 1.5 டிஎம்சியை 6 நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம். மூன்று தலைமுறை கேட்டு வாங்கியது. ஆனால் அது உபரி நீர்தான். பவானியில் உபரி இல்லாத வருடம் நம் குளத்துக்கு வானம்தான் கதி. "அதுதான் குழாய் வந்துவிட்டதே" என்று ஓடைகளைக் கைவிட்டால் அந்த வருடம் தவித்துப்போவோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு குட்டையைத் தூர்வாரினோம். கரை கட்டி, கல் பதித்து, கல்வெட்டும் வைத்தாயிற்று. ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. குட்டையில் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. கரையில் ஆடு மேய்த்த ஆத்தா கேட்டார்: "ஏங் கண்ணு, குழிய நல்லாத்தான் நோண்டியிருக்கீங்க. தண்ணி வர்ற பள்ளத்த ஆரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. நானும்தான். நிதி குட்டைக்குள் மட்டும் செலவு செய்ய வந்தது. பள்ளத்தில், அதாவது குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையில், சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. ரோட்டுக்குக் குறுக்கே போட்ட குழாய்ப் பாலம் பள்ளத்தின் தரைமட்டத்தைவிட உயரம். மேலே இரண்டு இடத்தில் பள்ளத்தை உழுது தங்கள் காட்டோடு (விளைநிலத்தோடு) சேர்த்திருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 ஏக்கர் மேட்டாங்காட்டில் (மேட்டு நிலத்தில்) 5 செ.மீ. மழை விழுந்தால் அது 2 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு ஓடி வந்தாலும் 20 லட்சம் லிட்டர். பள்ளம் அடைபட்டால் அந்தப் பங்கும் கிடைக்காது. குட்டையை இன்னும் ஆழமாகத் தோண்டி இதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்த ஊரில் முறையை மாற்றினோம். முதல் மாதம் மண்வெட்டியே எடுக்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் (நில அளவை வரைபடம்) வாங்கி, ஊர்க்காரர்களோடு பள்ளத்தை மேலிருந்து கீழே நடந்தே பார்த்தோம். படத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்த இடத்தில் தென்னை நின்றது. தோட்டக்காரருக்கு முதலில் கோபம். ஊராட்சித் தலைவர் சட்டம் பேசவில்லை. தோட்டக்காரருடைய பங்காளிகளையே அழைத்துவந்து பேச வைத்தார். குட்டை நிறைந்தால் முதலில் ஊறுவது அவர் போர்வெல்தான் என்று தோட்டக்காரருக்கு நான் காட்டினேன். மரத்தை வெட்டாமல், ஓரமாகப் பள்ளம் போக வழி விட்டார். வண்டல் மண்ணைத் தாசில்தார் அனுமதியோடு விவசாயிகளே தங்கள் காட்டுக்கு ஓட்டிப் போனார்கள். மண் அள்ளிப்போகும் செலவு அதோடு மிச்சம். நிறுவனப் பணம் பாலத்தைத் தாழ்த்தவும் மதகைச் சரிசெய்யவும் போனது.

ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற நிலையான வளர்ச்சி இலக்குகள் 17. அதில் 6-வது தண்ணீர், 17-வது கூட்டாண்மை. தண்ணீர் மேலாண்மையில் உள்ளூர் மக்களின் பங்கை வலுப்படுத்த வேண்டும் என்று 6-வது இலக்கிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு என் அனுபவத்தில் அர்த்தம் இதுதான்: பணம் தருபவர் யார் என்பதோடு, மூன்றாம் வருடம் பள்ளத்தில் முளைக்கும் கருவேலத்தைப் பிடுங்குபவர் யார் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் மகளிர் குழு அந்தப் பொறுப்பை ஏற்றது. அதற்கான கூலியை ஊராட்சித் தீர்மானத்திலேயே போட்டு வைத்தோம்.

உங்கள் ஊரில் குளம் தூர்வாரப் பேச்சு வந்தால், அடுத்த கிராம சபைக்கு முன்னால் புலப்படத்தோடு ஒருமுறை பள்ளத்தில் நடந்துவிட்டுப் போங்கள். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, இப்படி வருடத்தில் 6 நாள் சபை கூடுகிறது. எங்கே அடைப்பு, எந்தப் பாலம் உயரம், யார் பராமரிப்பது என்ற மூன்றையும் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஜேசிபிக்கு அதற்கு அப்புறம் சொல்லி அனுப்பலாம்.