அம்மாவுக்குப் பழைய கைப்பேசியைக் கொடுக்கும் முன்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இணையத்துக்குப் புதிதாக வரும் பெரியவர்களில் பலர் கையில் இருப்பது பிள்ளைகளின் பழைய கைப்பேசிதான். அதில் தவறில்லை. ஆனால் பிள்ளையின் கூகள் கணக்கும் அதோடு சேர்ந்தே போகிறது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் முளைக்கிறது. அம்மா எடுக்கும் படங்கள் மகன் கணக்கில் ஏறும். மகன் கடவுச்சொல்லை மாற்றினால் அம்மாவின் பிளே ஸ்டோர் நின்றுவிடும்.

கொடுக்கும் முன் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள். பிறகுதான் ரீசெட், அதாவது கைப்பேசியை முழுதாக அழிப்பது. இந்த வரிசை முக்கியம். கணக்கை நீக்காமல் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தி அழித்தால், திரும்பத் திறக்கும்போது பழைய கடவுச்சொல்லைக் கேட்டு அதே இடத்தில் நிற்கும். இன்னொன்று: மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு முடிவுக்கு வந்துவிட்டது. 4ஜி இல்லாத கைப்பேசியில் டேட்டா போட்டுப் பயனில்லை.

சிம் அட்டை அம்மாவின் மைகாட்டில் (அடையாள அட்டையில்) பதிவாகட்டும். மகன் பெயரில் இருந்தால், தொலைந்த அட்டைக்கு மாற்று எடுக்க மகனே கடைக்கு வரவேண்டும். பிரிபெய்ட் எண்ணுக்குக் காலாவதி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வைஃபை போதுமென்று மாதக்கணக்கில் ரீலோட் செய்யாமல் விட்டால் எண் போய்விடும். அது பின்னர் வேறொருவருக்குப் போனால், புலனத்தை (வாட்ஸ்அப்) திறக்கும் 6 இலக்கக் குறியீடும் அவருக்கே போகும்.

அம்மாவுக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். மீட்பு எண்ணாக அவருடைய எண்ணையும், மீட்பு மின்னஞ்சலாகப் பிள்ளையுடையதையும் கொடுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைப்பதைச் சிலர் கண்டிப்பார்கள். அலமாரியில் பத்திரமாக இருக்கும் தாளைவிட, எல்லாவற்றுக்கும் பிறந்த தேதியையே கடவுச்சொல்லாக வைப்பதுதான் ஆபத்து. புலனத்தில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த 6 இலக்கப் பின் (PIN) எண்ணையும் அதே தாளில் குறித்து வையுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்யப் பயப்பட வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ செயலி இருக்கிறது. ஐபோனில் ‘அஞ்சல்’ என்ற தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. எழுதச் சலிப்பவர்களுக்குக் கூகளின் விசைப்பலகையில் மைக் பொத்தான் உண்டு. மொழிப் பட்டியலில் ‘தமிழ் (மலேசியா)’ தனியாகவே இருக்கும்.

“போன் நிறைஞ்சிருச்சு” என்பது அடுத்த புகார். காலை வணக்கப் படங்களும் கோயில் காணொளிகளும்தான் காரணம். புலனத்தின் அமைப்புகளில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தினால் போதும், டேட்டாவும் மிஞ்சும்.

இனி, பணம் பறிபோகும் வழி. திருமண அழைப்பிதழ், வீடு சுத்தம் செய்யும் சேவை, மலிவு விலைக் கடை என்று ஏதோ ஒரு பெயரில் புலனத்தில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ‘.apk’ (ஏபிகே) என்று முடியும்; அது செயலியை நிறுவும் கோப்பு. அழைப்பிதழ் படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். செயலியாக வர அதற்கு ஒரு அவசியமும் இல்லை. நிறுவி, கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் குறியீட்டுச் செய்தியை அது படித்து அனுப்பிவிடும். போலி வங்கித் திரை காட்டிக் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும். இதற்குக் கதவு ஒன்றுதான்: அமைப்புகளில் ‘அறியாத செயலிகளை நிறுவு’ என்ற அனுமதி. புலனத்துக்கும் குரோமுக்கும் அதை மூடி வையுங்கள். தீய செயலிகளைத் தேடிப் பிடிக்கும் கூகளின் பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

முன்பின் தெரியாதவருக்குப் பணம் அனுப்பும் முன், அவருடைய வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் (Semak Mule) தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே புகார் பதிவாகவில்லை என்பதாலேயே அது நல்ல கணக்கு ஆகிவிடாது.

தெரியாமல் நிறுவிவிட்டால் முதலில் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியையும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டே இருக்கும் என்பதால், தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் இழப்புதான். காவல் நிலையப் புகாரும் கைப்பேசியை ரீசெட் செய்வதும் அதற்குப் பிறகு. 997-ஐயும் வங்கியின் அவசர எண்ணையும் இன்றே ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் அம்மாவின் கைப்பேசியைத் திறந்து எண் தேட முடியாது.