ஃபேட் விழுங்கும் விநாடிகள்

மதுரைப் பக்கம் இப்போது கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், போதாததற்குச் சொந்தக்காரர்களின் செல்போன் என்று வீடியோ துண்டு துண்டாக வந்து குவிகிறது. அத்தனையையும் கையால் ஒட்ட நேரமில்லாமல், எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளை வைத்து, கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்டை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகிற ஸ்டூடியோ தம்பிகள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் வேலை செய்கிறேன், நல்ல வழிதான். ஆனால் ஒரு காட்சி அடுத்த காட்சிக்குள் கரைகிற ஃபேட் போட்டால் எது போகும் என்று தெரிந்துகொண்டு ஓடவிடுங்கள்.

ஃபேட் போட்டால் முதல் துண்டின் கடைசி விநாடியும் அடுத்த துண்டின் முதல் விநாடியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 10, 8, 12 விநாடியில் மூன்று துண்டுகள் இருந்தால், ஒரு விநாடி ஃபேட்டோடு சேர்த்தபின் கிடைப்பது 28 விநாடி, 30 இல்லை. நாத்தனார் மூன்றாவது முடிச்சைப் போட்டதும் கேமராமேன் ரெக்கார்டிங்கை நிறுத்தியிருந்தால், அந்த முடிச்சின் மேலேயே பந்திக் காட்சி கரைந்து வரும். கெட்டிமேளம் பாதியில் அமுங்கி, இலை போடுகிற சத்தம் மேலே ஏறும். அந்த முடிச்சை மறுபடி போடச் சொல்லிப் படம் எடுக்க முடியாது. அதனால் படம் எடுப்பவரிடம் முன்னும் பின்னும் இரண்டு விநாடி கூடுதலாக ஓடவிடச் சொல்லுங்கள். எடுத்து முடித்தாயிற்று என்றால் அந்த இடத்தில் ஃபேட்டே வேண்டாம், நேரடி கட் போதும். ஃபேட் வேண்டும் என்று வீட்டார் கேட்டால் எஃப்எஃப்எம்பெக்கின் டிபேட் (tpad) ஃபில்டரால் கடைசிப் படத்தை ஒரு விநாடி நிறுத்திவைத்து, ஆடியோவிலும் அதே அளவு மௌனம் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஆஃப்செட். பெரும்பாலான குளறுபடி இங்கேதான். வீடியோவுக்கு ஃபேட் போடுகிற எக்ஸ்ஃபேட் (xfade) ஃபில்டர் ஆஃப்செட்டாகக் கேட்பது, அதுவரை சேர்ந்த வீடியோவின் தொடக்கத்திலிருந்து எந்த விநாடியில் ஃபேட் தொடங்க வேண்டும் என்பதை. மேலே சொன்ன கணக்கில் முதல் ஃபேட்டுக்கு 9. அதுவரை சேர்ந்தது 17 விநாடி, ஆகவே அடுத்ததற்கு 16. இரண்டாவது துண்டின் நீளத்தை மட்டும் பார்த்து 7 என்று போட்டால், 7-வது விநாடியிலேயே மூன்றாவது துண்டு நுழைந்துவிடும். இரண்டாவது துண்டு முழுசாகக் காணாமல் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆடியோவுக்குப் போடுகிற அக்ராஸ்ஃபேட் (acrossfade) ஃபில்டர் ஆஃப்செட் கேட்பதில்லை என்பதால், படம் 19 விநாடியில் முடிந்த பிறகும் சத்தம் 28 வரை ஓடும்.

துண்டின் நீளத்தை, கோப்பின் விவரம் காட்டும் எஃப்எஃப்புரோப் (ffprobe) 8.36 என்பது போலப் புள்ளி வைத்துத்தான் சொல்லும். ஸ்கிரிப்டை ஓட்டுகிற பாஷ் ஷெல்லுக்குத் தசமக் கணக்கு தெரியாது. சிலர் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து துண்டு வரை வித்தியாசம் தெரியாது. ஐம்பது துண்டு சேர்ந்தால் நாதஸ்வரக்காரரின் விரல் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். தசமக் கணக்கு தெரிந்த பிசி (bc) அல்லது ஆக் (awk) கட்டளை வைத்துக் கணக்குப் போடுங்கள். எடுக்கிற நீளமும் கோப்பின் மொத்த நீளமாக இல்லாமல் அதிலுள்ள வீடியோ ஸ்ட்ரீமின் (படப் பகுதியின்) நீளமாக இருக்கட்டும். பல கோப்புகளில் ஆடியோ கொஞ்சம் நீண்டிருக்கும்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பத்துப் பேர் பிடித்த செல்போன் வீடியோவைச் சேர்க்கிறீர்கள் என்றால், ஒன்று 30 ஃபிரேம், ஒன்று 60, ஒன்று நெட்டுவாக்கில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு அளவு, ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்), டைம்பேஸ் (நேரத்தை எண்ணும் அலகு) எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். செல்போனில் ஃபிரேம் வேகமும் நிலையாக இருக்காது. எல்லாவற்றையும் முதலில் ஒரே அளவுக்கு, 25 ஃபிரேமுக்கு மாற்றித் தனி ஃபோல்டரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம் சின்ன விஷயங்கள். கோப்புகளுக்கு 001, 002 என்று பெயர் வையுங்கள், இல்லையென்றால் 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். எக்ஸ்ஃபேட் 2020-இல் வெளிவந்த எஃப்எஃப்எம்பெக் 4.3 பதிப்பில்தான் சேர்ந்தது, உபுண்டு 20.04-இல் வரும் 4.2-இல் அது கிடையாது.

ஓடி முடிந்ததும் வந்திருக்க வேண்டிய நீளத்தையும் வந்திருக்கும் நீளத்தையும் ஒப்பிடுங்கள். சரியாக இருந்தாலும் ஒவ்வொரு ஒட்டையும் ஓட்டிப் பாருங்கள். முக்கியமான நொடி ஃபேட்டுக்குள் மாட்டியிருக்கிறதா என்பதை நீளம் சொல்லாது. அதன்பிறகு கேமரா மெமரி கார்டை அழிக்கலாம்.