"இங்கே புலியே வராது சார்"

புலி ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குக் கடந்துபோகும் வழித்தடங்களை வரைபடத்தில் குறிப்பது எங்கள் வேலை. நீலகிரியில் முதுமலையை ஒட்டிய சீகூர் பக்கம் பட்டா நிலம் வாங்கிய ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். ஓடையையும் சேர்த்து வளைத்து வேலி போட வேண்டுமாம். "வரைபடத்துல வழித்தடக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க சார், இங்கே புலியே வராது. ஊரில் யாரும் பார்த்ததே இல்லை." இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் கண்ணில் படாமல் கடக்க முடிகிற இடமாகப் பார்த்துத்தான் அது கடக்கும். இப்படி ஓர் ஓடையில் வைத்த தானியங்கி கேமராவின் கார்டைத் திறந்தால், பகல் முழுக்க ஆடு மாடும் விறகுக்கு வந்தவர்களும்தான். புள்ளிமான் ஒன்றிரண்டு. பிறகு நள்ளிரவு தாண்டி ஒரே ஒரு படம்: விலாவில் வரி, படத்துக்கு வெளியே போய்விட்ட தலை. அடுத்த படத்தில் விடிந்து, மறுபடி ஆடு.

வழித்தடத்தில் புலி குடியிருக்க வேண்டியதில்லை. இரண்டு வயதை ஒட்டித் தாயை விட்டுப் பிரியும் இளம் ஆண், பெரிய ஆண்புலி விரட்ட விரட்டப் புது இடம் தேடிப் போகும். முதுமலையில் பிறந்தது மாயாறு பள்ளத்தாக்கு வழியாகச் சத்தியமங்கலம் போய்ச் சேரலாம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடந்தாலே அந்தப் பக்கத்துக்குப் புது ரத்தம். ஆகவே 'அடிக்கடி வருவதில்லை' என்பது வழித்தடம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. எத்தனை கூட்டத்தில் சொல்வது!

"புலிதான் பெருகிவிட்டதே" என்பார்கள். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306. சரி, மகிழ்ச்சி. பெருகினால் குட்டிகள் எங்கே போகும்? புலிகள் காப்பகத்தின் எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிவிடுமா? 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. அது காப்பகத்துக்கு வெளியே.

வரைபடம் போடும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: செயற்கைக்கோள் படத்தில் உண்ணிச்செடிப் புதரும் நல்ல காடும் ஒரே பச்சைதான். மானுக்குப் புல் இருக்கிறதா என்று நடந்து பார்க்காமல் வண்ணம் தீட்டாதீர்கள்.

நிலம் வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன் வனச்சரக அலுவலகத்தில் விசாரியுங்கள். சீகூரில் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றமே 2020-இல் உறுதிசெய்தது. 'தெரியாமல் வாங்கிவிட்டேன்' என்பது அங்கே எடுபடாது. வேலியை ஓடைக்கரைக்கு முன்பே நிறுத்துங்கள். வீட்டுக் கரண்டை வேலியில் பாய்ச்சுவது குற்றம், புலியோடு சேர்த்துப் பக்கத்து வீட்டுக்காரரையும் கொல்லும். ராத்திரி முழுக்க எரியும் ஃபோகஸ் விளக்கு யாருக்காக? அணையுங்கள். சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் திம்பம் மலைப்பாதையில் இரவு வாகனங்களைத் தடுத்தால் சோதனைச்சாவடிக்காரரோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மாடு மேய்க்கிறவர்களிடம் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். மாடு போனால் எவ்வளவு வலி என்று தெரியும், இழப்பீடு இழுத்தடிக்கப்படும்போது வருகிற கோபமும் நியாயம்தான். ஆனாலும் செத்த மாட்டில் விஷம் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இழுத்துப் புதைத்தால் புலி அடித்ததற்கான அடையாளமும் போய்விடும்.

அப்புறம், மரத்தில் கட்டியிருக்கும் கேமராவைக் கண்டால் கையசைத்துவிட்டுப் போங்கள். உங்கள் படத்தை வைத்து நாங்கள் ஒன்றும் செய்யப் போவதில்லை. கார்டை மட்டும் உருவாதீர்கள்.