எட்சிங் நகல் அன்று. அதன் ஓரத்தை வெட்டாதீர்கள்

நீரோரம் மரங்கள் நிற்கும் எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து அச்சிட்ட படம்) ஒன்று, நான்கு ஓரங்களும் சட்டத்தின் அளவுக்கு நறுக்கப்பட்டு, அட்டையில் முழுவதுமாக ஒட்டப்பட்ட நிலையில், சென்ற வாரம் என் மேசைக்கு வந்தது. காகிதப் படைப்புகளைச் சீர்செய்யும் பணியில் இதே சேதத்தைத் திரும்பத் திரும்பக் காணும் ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன். "அச்சுதானே, மூலம் எங்காவது இருக்குமே" என்றார் கொண்டுவந்தவர்.

மூலம் வேறெங்கும் இல்லை. செப்புத்தகட்டின் மெழுகுப் பூச்சில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, பள்ளங்களில் மை நிரப்பி, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கும் ஒவ்வொரு பிரதியும் மூலப் படைப்பே. தகடு அதற்கான கருவி மட்டுமே. ஒவ்வொரு முறையும் தகட்டின் மையைக் கையால் துடைப்பதால், ஒரே தகட்டின் இரு பிரதிகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அமிலமின்றி ஊசியால் நேரே கீறும்போது எழும் உலோகப் பிசிறு வெல்வெட் போன்ற கருமையைத் தரும். சில பத்துப் பிரதிகளுக்குள் அது அழுத்தத்தில் மழுங்கிவிடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1643இல் செய்த 'மூன்று மரங்கள்' என்னும் எட்சிங் எந்த வண்ண ஓவியத்தின் நகலும் அன்று. அதன் இடப்புறம் நீரோரத்தில் தூண்டில் போடுபவரையும், வலக்கீழ்ப் புதரின் இருளில் ஏறக்குறைய மறைந்திருக்கும் காதலரையும் காண, பொறுமையாக நெருங்கிப் பார்க்க வேண்டும்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால், மைக்கோடுகள் தாளிலிருந்து சற்றே மேலெழுந்திருப்பதும், படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடமும் புலப்படும். உருப்பெருக்கியில் கோடுகளுக்குப் பதிலாகச் சீரான புள்ளிகள் தெரிந்தால், அது இயந்திர அச்சு. இத்தகைய நிலக்காட்சி எட்சிங்கின் இலைத்திரளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி இருளும். நீரிலோ, கரையின் நிழலைக் காட்டும் சில கிடைக்கோடுகள் போக, நாம் காணும் ஒளியெல்லாம் மை படாத வெறும் தாள்தான். அதனாலேயே பழைய தாளில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் அங்கே முதலில் கண்ணை உறுத்துகின்றன. வெளுப்பான் கொண்டு அவற்றைப் போக்க முனைகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கழுவியபின் தங்கும் எச்சம் தாளின் நாரையே நலியச் செய்யும்.

தகட்டுத் தடத்தையும் அதற்கு வெளியே உள்ள ஓரத்தையும் வெட்டக் கூடாது. அமிலமற்ற அட்டையில், மேல்விளிம்பில் மட்டும், மெல்லிய ஜப்பானியத் தாள் கீல்களை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. வெயில் படும் சுவர் வேண்டவே வேண்டாம். அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களுக்குச் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியையே அனுமதிக்கின்றன.

என் மேசையில் உள்ள படத்தின் அட்டையை மெதுவாக ஈரப்படுத்தி, அடுக்கடுக்காக உரித்து வருகிறேன். அட்டை பிரிந்துவிடும், நறுக்கி எறிந்த ஓரம் திரும்பாது.