‘குரென்தாய்’ என்றால் தறுதலைப் பட்டாளம்

போன மாதம் ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். இஸுத்ஸு கஸுயுகி 1996இல் இயக்கிய ‘கிஷிவதா ஷோனென் குரென்தாய்’ என்ற ஜப்பானியப் படம். வாசலில் கொடுத்த தாளில் தமிழ்த் தலைப்பு ‘கிஷிவதா இளம் குண்டர் படை’ என்று இருந்தது. இந்தக் ‘குண்டர் படை’யை இதற்கு முன்பே இரண்டு இடங்களில் படித்திருக்கிறேன், அப்போது பேசாமல் விட்டுவிட்டேன். இந்த முறை விட மனமில்லை. காரணம், பக்கத்து நாற்காலிக்காரர் படம் ஓடத் தொடங்கி அரைமணி நேரம் ஆன பிறகு என் பக்கம் சாய்ந்து, “இதுல தாதா யாரு சார்?” என்று கேட்டார். தாதாவே கிடையாது. 1970களின் ஒசாகா பக்கத்துக் கிஷிவதா நகரப் பையன்கள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு அடித்துக்கொள்கிறார்கள், வாங்கிய அடிக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள், மறுபடி வாங்குகிறார்கள். அந்த மனிதர் பாதிப் படத்தைத் தாதாவைத் தேடியே கழித்தார், அதற்கு முழுப் பொறுப்பும் அந்த ஒரு சொல்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஜப்பானில் ‘ஹமகுரி’ என்றால் மட்டி, கடற்கரையில் பொறுக்குவோமே அந்த இரட்டை ஓட்டுச் சிப்பி. ஒரு மட்டியின் இரண்டு ஓடுகளையும் பிரித்து, மூட்டுப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பற்களைப் பொருத்திப் பார்த்தால் ‘டக்’கென்று உட்காரும். வேறொரு மட்டியின் ஓட்டை எடுத்து வைத்தால், பார்வைக்கு ஒரே அளவாக இருந்தாலும், உட்காரவே உட்காராது. இதை வைத்து அரண்மனைப் பெண்கள் ஓட்டின் உட்புறம் ஓவியம் தீட்டி ஜோடி சேர்க்கும் விளையாட்டே ஆடினார்கள், ஒரு முழுத் தொகுப்புக்கு 360 சிப்பி. பொருந்தாத ஓட்டைச் சொல்ல ‘ஹமகுரி’யைத் தலைகீழாகத் திருப்பி ‘குரிஹமா’ என்றார்கள், அது ‘குரெஹமா’ ஆனது, வால் உதிர்ந்து ‘குரெ’ ஆனது, அதிலிருந்து ‘குரெரு’ என்ற வினைச்சொல் பிறந்தது: பிள்ளை வீட்டோடு ஒட்டாமல், வழி தப்பிப் போவது. அந்தக் ‘குரெ’யோடு ராணுவ ரெஜிமென்ட்டைக் குறிக்கும் ‘ரென்தாய்’ ஒட்டியதுதான் ‘குரென்தாய்’. அவ்வளவுதான் பிறப்பு.

இப்போது ‘குண்டர்’. இது இந்திக் ‘குண்டா’ வழியாக வந்து நம் செய்தித்தாளில் குடியேறிய சொல். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்குச் சட்டப்படியே ஒரு முகவரி இருக்கிறது: 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், ஊர் வழக்கில் குண்டர் சட்டம், விசாரணை இல்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆக, ‘குண்டர்’ என்று படித்தவுடன் நம் மனதில் எழுவது கள்ளச்சாராயம், கட்டப்பஞ்சாயத்து, மாலைப் பத்திரிகைப் படம். மட்டி ஓட்டில் பிறந்த சொல்லுக்கு இது எங்கே பொருந்தும்?

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 1945 தோல்விக்குப் பிறகு கறுப்புச் சந்தைகளில் தலையெடுத்த நிஜக் குரென்தாய்கள் இருந்தார்கள். ஜப்பானியக் காவல்துறை வன்முறைக் கும்பல்களை வேர் பார்த்துப் பிரிக்கும்போது சூதாடிகளான பகுதோ, சந்தைக் கடைக்காரர்களான தெகியா, மூன்றாவதாக குரென்தாய் என்றே பிரித்தது. தோக்கியோ ஷிபுயாவில் ஆந்தோ நொபொரு நடத்திய கும்பல் இந்த வகை. அவர் 1964இல் அதைக் கலைத்துவிட்டு அப்புறம் சினிமா நடிகரே ஆனார். அந்த ஆந்தோவின் கதைக்குத் தலைப்பு வைக்கிறீர்கள் என்றால் ‘குண்டர்’ என்று வையுங்கள், வாயைத் திறக்க மாட்டேன். இங்கே முன்னால் ‘ஷோனென்’ நிற்கிறது, பையன்கள். பெரியவர்களின் கும்பலுக்கான பெயரை மீசை முளைக்காத பயல்களுக்குச் சூட்டியதில்தான் அந்தத் தலைப்பின் சிரிப்பும் செல்லமும் இருக்கின்றன. நகாபா ரீச்சி தன் சொந்தப் பையன் பருவத்தைத்தான் நாவலாக எழுதினார், படம் அதிலிருந்து வந்தது. முக்கிய வேடங்களில் நைன்டி நைன் என்ற நகைச்சுவை இரட்டையர் யபே ஹிரோயுகியும் ஒகமுரா தகாஷியும். நகைச்சுவைக்காரர்களை முன்னால் நிறுத்தி, திரும்பிப் பார்க்கும் ஏக்கத்தோடு எடுத்த படத்துக்குக் ‘குண்டர் படை’ என்று பெயர் வைத்தால் அந்த ஏக்கம் முழுக்க வாசலிலேயே செத்துப்போகிறது.

இன்னொரு தரப்பு இருக்கிறது, அவர்களோடுதான் எனக்குப் பெரிய சண்டை. ‘மூடர் படை’ என்பார்கள். கான்ஜி, அதாவது ஜப்பானியர் எழுதும் சீன எழுத்தைப் பார்த்தோம், முதல் எழுத்துக்கு ‘மூடத்தனம்’ என்று பொருள், இரண்டாவது ‘தொடர்’, மூன்றாவது ‘படை’, அகராதி இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று கேட்பார்கள். ஐயா, அந்த எழுத்துகள் ஒலிக்காகப் பின்னால் ஒட்டப்பட்டவை. வாயில் பிறந்த சொல்லை எழுத வேண்டிய கட்டாயம் வந்தபோது, ஒலியும் ஒத்து, பொருளும் கொஞ்சம் குறும்பாக இருக்கட்டும் என்று பொறுக்கிப் போட்ட எழுத்துகள். ஜப்பானியர்கள் இதற்கு ‘அதெஜி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்திலும் இப்படி நடந்ததாகச் சொல்வார்கள்: மரை மான் திரிந்த மரைக்காடு, ‘மறைக்காடு’ ஆகி, அந்த மறையை வேதம் என்று கொண்டு ‘வேதாரண்யம்’ ஆனது என்று. வேதாரண்யத்தை வைத்துக்கொண்டு அந்தக் காட்டில் மான் தேட முடியுமா? ‘மூடர் படை’யும் அதே கதிதான், ஒட்டுப்போட்ட துணியை மொழிபெயர்த்துவிட்டு உடம்பை விட்டுவிடுவது. அதுவும் இந்தப் பையன்கள் மூடர்களே இல்லை. யாரை எப்போது எங்கே மடக்கலாம் என்று கணக்குப் போடுவதில் கில்லாடிகள்.

தமிழில் ‘மட்டி’ என்ற சொல்லுக்குச் சிப்பி என்றும் பொருள், மந்தன் என்றும் பொருள். இதைக் கவனித்த நாளில் ‘மட்டிப் பட்டாளம்’ என்று எழுதிவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரை ஊர்களுக்கு வெளியே சிப்பி என்ற பொருள் யாருக்கும் தோன்றாது, வெறும் வசவாகத்தான் விழும் என்பதால் விட்டேன். ‘பொறுக்கி’ இன்று பெண்களைச் சீண்டுகிறவனுக்கு ஆகிவிட்டது. ‘சண்டியர்’ வளர்ந்த ஆள், அவருக்கென்று ஒரு தெருவோ சந்தையோ இருக்கும். ‘ரவுடி’ காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிவிட்ட சொல். ‘விடலை’ எனக்கு மிகவும் பிடிக்கும், குறுந்தொகை 15ஆம் பாட்டில் ‘சேயிலை வெள்வேல் விடலை’ என்று கம்பீரமாக நிற்கிறவன் அவன். ஆனால் அது வயதைச் சொல்கிறது, வழி தப்பியதைச் சொல்லவில்லை.

மிஞ்சுவது ‘தறுதலை’. என் பெரியம்மா மகன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஊர் சுற்றுவான். பாட்டி அவன் தட்டை மட்டும் தனியாகக் கவிழ்த்து மூடி வைத்துக்கொண்டு, “தறுதலைய எங்கடா காணோம், சோறு ஆறுதே” என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பார். திட்டு இருக்கிறது, தட்டும் இருக்கிறது. ‘குண்டன எங்க காணோம்’ என்று எந்தப் பாட்டியும் சோற்றை மூடி வைத்தது கிடையாது. ‘குரெரு’வில் இருப்பது இதே தொனி, வீட்டு ஓடு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது, இவன்தான் பொருந்தாமல் வெளியே கிடக்கிறான். சொல்லைப் பார்த்தால் ‘தறுகண்’ நினைவுக்கு வருகிறது, அஞ்சாமை. ‘கல்வி தறுகண் இசைமை கொடை’ என்று தொல்காப்பியம் பெருமிதத்துக்கு அடுக்கும் நான்கில் ஒன்று. பையன்களின் திமிருக்கு அந்த நிழலும் பொருந்தும்.

‘ரென்தாய்’க்குப் ‘பட்டாளம்’. இங்கே தூய்மைக்காரர்கள் வருவார்கள், ‘பட்டாலியன்’ என்ற ஐரோப்பியச் சொல்லின் திரிபு அது, ‘படை’ என்றுதான் போட வேண்டும் என்பார்கள். நானும் வேண்டாத இடத்தில் வேற்றுச்சொல் போடுகிறவன் இல்லை. ஆனால் ‘படை’ என்றால் உண்மையான படை. ‘பட்டாளம்’ ராணுவத்தையும் சொல்லும், வீடு நிறைய ஓடும் பிள்ளைப் பட்டாளத்தையும் சொல்லும். ஜப்பானியன் ரெஜிமென்ட்டைத் தெருப்பையன்களுக்கு மாட்டிவிட்ட அதே குறும்பு தமிழில் ஏற்கெனவே ஆகிவிட்ட வேலை, அதைக் கழற்றி எறிவது எந்தத் தூய்மை?

இதில் பெரும்பாதிக் குற்றம் ஆங்கில வழியே வரும் மொழிபெயர்ப்புக்கு. ஆங்கிலக்காரர்கள் இந்தப் படத்துக்குச் சொல்லையே தொடாமல் ‘பாய்ஸ் பி ஆம்பிஷஸ்’ என்று பெயர் வைத்தார்கள், 1877இல் சப்போரோவை விட்டுப் போகும்போது வில்லியம் கிளார்க் என்ற அமெரிக்க ஆசிரியர் மாணவர்களிடம் சொன்னதாக வழங்கும் வாசகம் அது. விளக்கத்துக்கு ‘கேங்’ என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள், அதை எடுத்து நம்மவர்கள் ‘கும்பல்’ ஆக்கி, கும்பல் என்றால் குண்டர் என்று முடித்துவிடுகிறார்கள். கிஷிவதா எப்படிப்பட்ட ஊர் என்றுகூடப் பார்ப்பதில்லை. செப்டம்பர் மாதத் தஞ்சிரித் திருவிழாவில் ஏறத்தாழ 4 டன் மரத்தேரைக் கயிறு பிடித்து ஓடி, தெருமுனையில் வேகம் குறைக்காமல் ஒடித்துத் திருப்பும் ஊர் அது. அங்கே இளவட்டத்தின் முரட்டுத்தனம் ஊருக்கே பழக்கமானது, குற்றப்பிரிவுக்குப் போகிற விஷயம் இல்லை.

ஆகவே தலைப்பு ‘கிஷிவதாவின் தறுதலைப் பட்டாளம்’. ‘ஷோனென்’னைத் தனியாக எழுத வேண்டாம், தறுதலை என்றாலே பையன்தான். வசனத்தில் ‘குரெரு’ வினையாக வரும் இடங்களில் மட்டும் ‘தறிகெட்டுப் போனான்’ என்று போடுங்கள். கட்டுத்தறியை விட்டு அவிழ்ந்து ஓடிய கன்று அது, பொழுது சாய்ந்தால் தொழுவத்துக்குத் திரும்பும்.